கல்லாறு தாண்டினால் பல் வேண்டும்: ஈத்தேரியம் கருவிகளை ட்ரானுக்கு மாற்ற ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலுக்கு மாறுவார்கள். அகலப் பாதை அங்கே முடிந்து மீட்டர் கேஜ் ஆரம்பிக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். கல்லாறு தாண்டியதும் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே மீட்டர் கேஜ்தான், ஆனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த பட்டை ஒன்று கூடவே ஓடிவரும். குன்னூர் வரை அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டுதான் எஞ்சின் ஏறும். பல்சக்கரம் இல்லாத எஞ்சின் கல்லாறு வரை ஜோராக வரும், அதற்கு மேல் ஏறாது.

ஈத்தேரியம் பிளாக்செயினில் நிரல்களை ஓட்டும் எந்திரத்துக்கு ஈவிஎம் என்று பெயர். 'ஈவிஎம் இணக்கம்' என்று பலகை மாட்டிய பிளாக்செயின்கள் பலவும் கல்லாறு வரைக்கும்தான் இணக்கம். உங்கள் கருவியை இணைத்ததும் பிளாக் எண் வரும், இருப்பு வரும், கான்ட்ராக்ட்டில், அதாவது பிளாக்செயினில் ஏற்றிவைத்த நிரலில், உள்ளதைப் படிக்கவும் முடியும். ஒரு பரிவர்த்தனையை எழுதப் போகும்போதுதான் சக்கரத்தில் பல் இல்லை என்பது தெரியும்.

கோத்தகிரியில் மூன்று பேர் உட்காரும் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. பச்சைத் தேயிலை எடைச் சீட்டை ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டில் பதிவு செய்யும் ஒரு முயற்சியில் இருந்தோம். யார் கொண்டுவந்த இலை, எத்தனை கிலோ, சாக்குக் கழிவு போக எவ்வளவு, மாதக் கடைசியில் என்ன தொகை, அவ்வளவுதான். சாலிடிட்டி மொழியில் எழுதி, ஹார்ட்ஹாட் என்ற கருவியில் சோதித்து, டிப்ளாய் செய்யும் (பிளாக்செயினில் ஏற்றும்) ஸ்கிரிப்ட், எடைச் சீட்டு அனுப்பும் கட்டளைக் கருவி என்று எல்லாவற்றையும் ஈத்தேரியம் பழக்கத்தில் கட்டி வைத்திருந்தோம். வேலை கொடுத்தவர் ஒருநாள் "இது ட்ரானில் ஓடணும்" என்றார். கருவி பிளாக்செயினோடு பேசும் ஆர்பிசி முகவரியை மாற்றினால் போதும், ஒரு வாரம் என்றேன். ஏழு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த ரகம் என்று பாருங்கள்

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் போன்ற, ஈத்தேரியத்தின் மேல் கட்டிய இரண்டாம் அடுக்குகள் ஏறக்குறைய அதே பாதை. ஆர்பிசி முகவரியும் செயின் எண்ணும் மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். அங்கேயும் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. ஆர்பிட்ரமில் கான்ட்ராக்ட்டுக்குள் பிளாக் எண் கேட்டால் கீழே இருக்கும் ஈத்தேரியத்தின் எண்தான் தோராயமாக வரும். பிளாக் எண்ணை வைத்து நேரம் கணக்கிடும் கருவி அங்கே ஏமாந்துபோகும்.

சொலானா முற்றிலும் வேறு கேஜ். அங்கே நிரலும் தரவும் தனித்தனிக் கணக்குகளில் இருக்கும், எழுதுவது ரஸ்ட் மொழியில். அங்கே போவதற்குப் பெயர் மாற்றம் இல்லை, புதிதாக எழுதுவது. அதற்கு வேறு வழிகாட்டி தேடிக்கொள்ளுங்கள்.

நடுவில் இருப்பவைதான் ஆளை ஏமாற்றுபவை: ட்ரான், ஹெடெரா, இசட்கேசிங்க் எரா. சாலிடிட்டி ஓடும், ஆனால் முகவரி, பணம், கட்டணம், பரிவர்த்தனை இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது பல் வேறாக இருக்கும். ட்ரானை உதாரணமாக வைத்தே சொல்கிறேன். மற்றதுக்கும் இதே வரிசையில் போகலாம்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு நாள்

ஒரு வரி கோடு எழுதுவதற்கு முன், உங்கள் கருவி கேட்காமலே நம்பிக்கொண்டிருக்கும் விஷயங்களைப் பட்டியல் போடுங்கள். தேடுபொறி போதும். கோடு முழுக்க 18 என்ற எண்ணைத் தேடுங்கள், 60-ஐத் தேடுங்கள், நான்ஸ் (பரிவர்த்தனையின் வரிசை எண்) என்ற சொல்லைத் தேடுங்கள். கேஸ் விலை (பரிவர்த்தனைக் கட்டணம்) வரும் இடம், எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கும் இடம், 'இத்தனை பிளாக் காத்திரு' என்று எழுதிய இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த குன்னூர்ப் பெண்ணிடம் இந்த வேலையைக் கொடுத்தேன். சாயங்காலம் நோட்டோடு வந்து, "அண்ணா, இந்த பதினெட்டு பதினாலு இடத்துல இருக்கு, ஏன்னு எங்கயும் எழுதல" என்றாள். நான் எழுதியதுதான். ஏனென்று எனக்கே உடனே சொல்ல வரவில்லை.

பட்டியல் முடிந்ததும் கருவியின் நடுப்பகுதிக்கும் சங்கிலிக்கும் (பிளாக்செயினுக்கும்) இடையில் ஒரு மெல்லிய அடுக்கை வையுங்கள். எங்களுடையதில் ஆறே வேலைகள்: முகவரியை உள்ளே வாங்குவது, வெளியே காட்டுவது, பணத்தை மாற்றுவது, பரிவர்த்தனையைக் கட்டிக் கையெழுத்திடுவது, அனுப்பிக் காத்திருப்பது, ரசீதைப் படிப்பது. நடுப்பகுதிக்கு ஈத்தேரியமா ட்ரானா என்பதே தெரியக்கூடாது.

முழுக் கருவியையும் நகலெடுத்துப் பிளந்து, தேவையான இடத்தில் திருத்திக்கொள்ளும் வழியும் உண்டு. ஆரம்பத்தில் அதுதான் சுலபமாகத் தெரியும். ட்ரானுக்கு உள்ள ட்ரான்பாக்ஸ் என்ற கருவியே ட்ரஃபிள் என்ற பழைய ஈத்தேரியம் கருவியிலிருந்து பிளந்ததுதான். 2023-இல் ட்ரஃபிளை மூடுவதாக அதை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதன் பிறகு இது தனியாகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அதைப் பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று பேர் அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்?

கம்பைலர்

இது சீக்கிரம் முடியும் வேலை. சாலிடிட்டி 0.8.20-இலிருந்து கம்பைலர் இயல்பாகவே ஈவிஎம்மின் ஷாங்காய் பதிப்புக்கான பைட்கோடைத் தரத் தொடங்கியது. அதில் புஷ்-0 என்ற புதுக் கட்டளை இருக்கிறது. 0.8.25-இல் அந்த இயல்பு கான்கூன் பதிப்புக்கு மாறியது. நீங்கள் போகும் சங்கிலி அந்தக் கட்டளைகளை அறியாவிட்டால் டிப்ளாய் செய்யும்போதே 'தவறான கட்டளை' என்று விழும், உங்கள் கோடில் எந்தத் தப்பும் இருக்காது. அமைப்புக் கோப்பில் ஈவிஎம் பதிப்பை ஷாங்காய்க்கு முந்தைய பாரிஸ் என்று வைத்துத் தொடங்குங்கள். எல்லாம் ஓடிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ட்ரானுக்குச் சொந்தமாக ஒரு சாலிடிட்டி கம்பைலர் இருக்கிறது, ட்ரான்பாக்ஸ் அதைத்தான் பயன்படுத்தும். இசட்கேசிங்க் எராவுக்கும் தனி கம்பைலர் உண்டு. ஒரே கோடை இரண்டு கம்பைலரிலும் ஓட்டி இரண்டும் எச்சரிக்கை இல்லாமல் முடிகிறதா என்று பார்ப்பதைத் தினசரி வழக்கமாக்குங்கள்.

முன்கூட்டியே வைக்கப்பட்ட கான்ட்ராக்ட்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். 9, 10 ஆகிய முகவரிகளில் ஈத்தேரியத்தில் இருப்பது வேறு, ட்ரானில் இருப்பது வேறு. ட்ரானில் அவை கையெழுத்துகளைச் சரிபார்ப்பவை. நீங்கள் நேரடியாக அழைக்காவிட்டாலும், பயன்படுத்தும் நூலகம் அழைக்கலாம்.

முகவரி

இதில் கொஞ்சம் நிதானமாக நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழைகள் இங்கேதான்.

ஈத்தேரியம் முகவரி என்பது பொதுச் சாவியின் கெச்சாக் ஹாஷில் கடைசி 20 பைட். ட்ரானிலும் அதே 20 பைட்தான். அதன் முன்னால் பதினாறடிமான எண்ணில் 41 என்று ஒரு பைட் சேரும். 21 ஆயிற்றா? அதை இரண்டு முறை ஷா-256 போட்டு, முதல் 4 பைட்டைச் சரிபார்ப்புக்காகப் பின்னால் ஒட்டுவார்கள். அந்த 25 பைட்டையும் பேஸ்-58 எழுத்துகளில் எழுதினால் ஆங்கில டி எழுத்தில் தொடங்கும் 34 எழுத்து முகவரி கிடைக்கும்.

இப்போது ஒரே முகவரிக்கு மூன்று முகங்கள்: மக்கள் பார்க்கும் டி-முகவரி, நோடு (சங்கிலியை ஓட்டும் கணினி) பேசும் 41-முகவரி, கான்ட்ராக்ட்டுக்குள்ளும் ஈவென்ட் பதிவிலும் வரும் வெறும் 20 பைட். கருவியின் உள்ளே ஒரே முகத்தை வையுங்கள். நாங்கள் 20 பைட்டை வைத்தோம். மாற்றுவது அந்த மெல்லிய அடுக்கில் மட்டும். நடுவில் எங்காவது "இங்கே மட்டும் 41-ஐ வெட்டிக்கலாம்" என்று தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறிய எழுத்து விவகாரம். ஈத்தேரியம் முகவரியை ஒப்பிட எல்லோரும் முதலில் சிறிய எழுத்தாக்குவார்கள், அங்கே அது தப்பில்லை. பேஸ்-58-இல் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு மதிப்பு. எங்கள் தரவுத்தளத்தில் பதிவு சேரும்போது தானாகவே சிறிய எழுத்தாக்கும் ஒரு வரி இருந்தது. விவசாயிகளின் முகவரிகள் அத்தனையும் யாருக்கும் சொந்தமில்லாத குப்பையாகிவிட்டன. சோதனை முகவரிகள் என்பதால் தப்பித்தோம்.

ரகசியச் சொற்களிலிருந்து சாவி எடுக்கும் பாதையிலும் ஈத்தேரியத்துக்கு 60, ட்ரானுக்கு 195. அதே பன்னிரண்டு சொற்களைக் கொடுத்தும் பணப்பையில் வேறு முகவரி வந்தால் அங்கே பாருங்கள்.

இன்னொன்று: ஹார்ட்ஹாட் சோதனையில் நினைத்தபோது ஒரு புதுக் கணக்கைப் பிறப்பித்து உடனே கையெழுத்துப் போட வைக்கலாம். ட்ரானில் ஒரு கணக்குக்கு யாராவது முதலில் கொஞ்சம் டிஆர்எக்ஸ் (ட்ரானின் நாணயம்) அனுப்பி உயிர் கொடுக்க வேண்டும். அதுவரை 'அப்படி ஒரு கணக்கே இல்லை' என்றுதான் நோடு சொல்லும்.

பணத்தின் சில்லறை

1 ஈத்தர் என்பது 18 சைபர் போட்ட வெய். 1 டிஆர்எக்ஸ் என்பது 10 லட்சம் சன், அதாவது 6 சைபர். ஈத்தர்ஸ் நூலகத்தில் 'ஈத்தரை வெய்யாக்கு' என்னும் அழைப்பை அப்படியே விட்டுவிட்டு 1 என்று கொடுத்தால், ட்ரான் அதை ஒரு லட்சம் கோடி டிஆர்எக்ஸ் என்று புரிந்துகொள்ளும். நல்லவேளையாக அவ்வளவு யாரிடமும் இல்லாததால் பரிவர்த்தனை விழுந்துவிடும். பயப்பட வேண்டியது எதிர்த்திசைப் பிழைக்கு. சன்னில் வந்த தொகையை 18 சைபர் கணக்கில் பிரித்துக் காட்டினால் திரையில் சைபர் வரும். விவசாயிக்குக் காசு வரவில்லை என்று இலை ஏஜென்ட்டுக்கு போன் போகும்.

ஹெடெராவில் இது இன்னும் வேடிக்கை. ஆர்பிசி வழியாகப் பேசினால் 18 இலக்கம், அதே தொகை கான்ட்ராக்ட்டுக்குள் போய்ச் சேரும்போது 8 இலக்கம்.

கட்டணமும் வேறு. ட்ரானில் கணக்கீட்டுக்கு எனர்ஜி, பரிவர்த்தனையின் அளவுக்கு பேண்ட்விட்த். டிஆர்எக்ஸை முடக்கி வைத்து இவற்றைப் பெறலாம், இல்லாவிட்டால் டிஆர்எக்ஸ் எரியும். கேஸ் விலை என்று கேட்கும் இடத்தை எடுத்துவிட்டு, அதிகபட்சம் இவ்வளவு எரிக்கலாம் என்ற கட்டண வரம்பை சன்னில் கேளுங்கள். எங்களுக்குப் பிடித்த ஒரு வசதியும் இங்கே இருக்கிறது. டிப்ளாய் செய்யும்போது எனர்ஜியில் அழைப்பவர் எத்தனை சதவீதம் தர வேண்டும் என்று சொல்லலாம். அதை 0 என்று வைத்தால் எனர்ஜிச் செலவை, நாம் வைக்கும் உச்சவரம்பு வரை, தன் கணக்கில் எனர்ஜி இருக்கும்வரை, கான்ட்ராக்ட் போட்டவர் ஏற்கிறார். அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரை டிஆர்எக்ஸ் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ட்ரான்பாக்ஸ் அமைப்பில் அந்த எண்ணைக் கவனிக்காமல் 100 என்று விட்டால் முழுச் செலவும் அவர் தலையில்தான்.

அனுப்புவதும் திரும்ப அனுப்புவதும்

ட்ரான் நோடில் ஈத்தேரியம் பாணி ஆர்பிசி உண்டு, படிப்பதற்கு. கையெழுத்திட்ட பரிவர்த்தனையை அனுப்பும் அழைப்பு மட்டும் அதில் கிடையாது. அதற்கு ட்ரானின் சொந்த வழியில், ட்ரான்வெப் நூலகம் மூலமாகப் போக வேண்டும். நான் சொன்ன கல்லாறு இதுதான்.

அதைவிட ஆழமான வித்தியாசம், ட்ரானில் நான்ஸ் கிடையாது. ஈத்தேரியத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் வரிசை எண் உண்டு. 7-ஆம் எண் பரிவர்த்தனை சிக்கிக்கொண்டால் அதே 7-ஐ அதிகக் கட்டணத்தோடு மறுபடி அனுப்பலாம். இரண்டில் ஒன்றுதான் உள்ளே போகும். ஆகவே ஈத்தேரியம் கருவிகள் பயமில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். ட்ரான் பரிவர்த்தனையில் வரிசை எண்ணுக்குப் பதிலாக, அண்மையில் வந்த ஒரு பிளாக்கின் அடையாளமும் காலாவதி நேரமும் இருக்கும். இயல்பாக அந்தக் காலாவதி 60 விநாடி.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இலை எடை போடும் கொட்டகையில் சோதனை ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கோ மரம் சாய்ந்து இணையம் போய்ப் போய் வந்தது. 43 கிலோ என்று ஒரு சீட்டைப் போட்டோம். பதில் வரவில்லை. கருவி ஈத்தேரியம் பழக்கத்தில் புதிதாகக் கட்டி, மறுபடி கையெழுத்திட்டு, மறுபடி அனுப்பியது. இணையம் வந்ததும் பார்த்தால் ஒரே விவசாயி பெயரில் 43 கிலோ இரண்டு முறை. புதிதாகக் கட்டும்போது நேரம் மாறுகிறது, அதனால் பரிவர்த்தனை எண்ணும் மாறுகிறது. சங்கிலியின் கண்ணுக்கு அவை இரண்டு தனித்தனி விஷயங்கள், இரண்டும் செல்லும். டெஸ்ட்நெட் என்ற சோதனைச் சங்கிலி என்பதால் சிரித்துவிட்டு வந்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருத்தியது இப்படி. திரும்ப அனுப்ப வேண்டுமென்றால் ஏற்கனவே கையெழுத்திட்ட அதே பைட்களை அப்படியே அனுப்புங்கள். முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் நோடு 'இது இரட்டை' என்று தள்ளிவிடும். புதிதாகக் கட்டுவது, பழையதின் காலாவதி முடிந்து, அது உறுதியான பிளாக் எதிலும் இல்லை என்று பார்த்த பிறகுதான். பரிவர்த்தனை எண்ணைக் கையெழுத்துக்கு முன்பே கணக்கிட முடியும் என்பதால் அனுப்புவதற்கு முன்னாலேயே அதைத் தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். இவற்றுக்கு மேல், கான்ட்ராக்ட்டிலேயே சீட்டு எண் ஒருமுறை வந்தால் மறுபடி ஏற்காத மாதிரி ஒரு வரி. அந்த வரி முதல் நாளே இருந்திருக்க வேண்டும். ஈத்தேரியத்தின் நான்ஸ் எங்கள் சோம்பேறித்தனத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

நான்ஸ் இல்லாததால் இன்னொன்றும் உடையும். அடுத்த கான்ட்ராக்ட் எந்த முகவரியில் வரும் என்று நான்ஸை வைத்து முன்கூட்டிச் சொல்லும் ஸ்கிரிப்ட்கள் ட்ரானில் செல்லாது, அங்கே முகவரி பரிவர்த்தனை எண்ணிலிருந்து பிறக்கிறது. நான்ஸ் இல்லாமலே முகவரியைக் கணக்கிட விடும் கிரியேட்-2 வழியில் போகலாம். ஆனால் அந்தச் சூத்திரத்தில் ஈத்தேரியம் முன்னால் வைக்கும் பதினாறடிமான எஃப்எஃப் பைட்டுக்குப் பதில் ட்ரான் 41-ஐ வைக்கிறது. ஒரே ஒரு பைட்தான். மூன்று நாள் தேடினேன்.

ரசீது

நோடு 'பெற்றுக்கொண்டேன்' என்று சொன்னதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தபால்பெட்டியில் போட்டதற்கான சத்தம் மட்டுமே. பிளாக்கில் ஏறிய பிறகு பரிவர்த்தனைத் தகவலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள முடிவு வெற்றியா, எனர்ஜி தீர்ந்ததா, நேரம் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும். நேரம் தீர்வது ஈத்தேரியத்தில் இல்லாத ஒன்று. ஒரு பரிவர்த்தனை ஓட 80 மில்லிவிநாடிதான் கொடுப்பார்கள். மாதக் கடைசிக் கணக்கை ஒரே நீளச் சுழலில் முடிக்க நினைக்காமல் துண்டு துண்டாகப் போடுங்கள்.

பிழைச் செய்தி பல இடங்களில் பதினாறடிமான எண்களாக வரும். எழுத்தாக்கிக் காட்டுவது சின்ன வேலை, உங்கள் கருவியைப் பயன்படுத்துகிறவர் அதற்காகவே வாழ்த்துவார்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? ட்ரானில் 3 விநாடிக்கு ஒரு பிளாக். பிளாக் கட்டும் 27 பிரதிநிதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், அதாவது 19 பேர் அதன் மேல் பிளாக் கட்டியதும் உறுதி. ஏறக்குறைய ஒரு நிமிடம். ஈத்தேரியத்தில் இறுதி உறுதிக்கு 13 நிமிடம் போல ஆகும். 'இத்தனை பிளாக்' என்று எண்ணைக் கோடில் பதிக்காமல், 'உறுதியாகும் வரை' என்று அடுக்கிடம் கேளுங்கள்.

சோதனைகள்

இருக்கிற ஹார்ட்ஹாட் சோதனைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கழிவுக் கணக்கு சரியா, தொகை சரியா என்பதற்கெல்லாம் அவை அப்படியே போதும், வேகமும் அதிகம். காலத்தை முன்னால் தள்ளுவது, படம் பிடித்துவைத்துப் பின்னால் போவது போன்ற வித்தைகள் உள்ளூர் நோடில்தான் நடக்கும், பொது டெஸ்ட்நெட்டில் நடக்காது.

அதற்கு மேல் இரண்டாவது தட்டாக ஒரு சிறிய தொகுப்பு, ட்ரானின் நைல் டெஸ்ட்நெட்டில் ஓட. அதில் சங்கிலிக்கே உரியவற்றை மட்டும் சோதியுங்கள்: முகவரி மூன்று முகமும் போய்த் திரும்புகிறதா, 1 சன் 1 சன்னாகவே இருக்கிறதா, காலாவதியான பரிவர்த்தனை என்ன ஆகிறது, எனர்ஜி போதாதபோது கருவி என்ன சொல்கிறது. எங்களுடையது பன்னிரண்டே சோதனை. அதில் ஒன்று, அனுப்பிய உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது. கையால்தான் செய்கிறோம்.

மெயின்நெட்டுக்கு முன்

டெஸ்ட்நெட் காசு இலவசம், மதிப்பில்லாதது. கற்றுக்கொள்ளும் காலம் முழுவதும் அங்கேயே இருங்கள். உண்மைக் காசு ஓடும் மெயின்நெட்டுக்காக டிஆர்எக்ஸ் வாங்கும்போது ரசீதுகளை எடுத்து வையுங்கள். 2022-இலிருந்து நம் நாட்டில் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீதப் பிடித்தம். ஆடிட்டர் கேட்பார்.

கான்ட்ராக்ட்டைப் போட்டதும் ட்ரான்ஸ்கேன் தளத்தில் மூலக் கோடைச் சரிபார்ப்புக்குக் கொடுங்கள். கம்பைலர் பதிப்பும் ஆப்டிமைசர் எண்ணும் ஒரு புள்ளி தவறினாலும் ஒத்துவராது, அதனால் டிப்ளாய் செய்யும் ஸ்கிரிப்ட்டே அந்த எண்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கட்டும்.

கருவியோடு தரும் குறிப்பில் 'இங்கே ஓடாதவை' என்று ஒரு பகுதி வையுங்கள். எங்களுடையதைக் குன்னூர்ப் பெண்தான் எழுதினாள், பதினோரு வரி. அச்செடுத்துக் கொட்டகையில் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். ஏழாவது வரி: 'பதில் வரலைன்னா மறுபடி அமுக்காதீங்க. ஒரு நிமிஷம் பொறுங்க, சீட்டு எண்ணைத் தேடிப் பாருங்க.' ஏஜென்ட் அதன் அடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.